புதுப்பிப்பு: வன்னி வெக்கையில் ஒரு பியூஃபோர்ட்

பள்ளிக்கூடக் காலத்தில் விட்ட பிளாஸ்டிக் விமான மாதிரிகளைத் திரும்பத் தொட்டிருக்கிறேன், கிளிநொச்சி வெக்கையில் அக்ரிலிக் பெயின்ட் தூரிகையிலேயே காய்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பெயின்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் திரவத்தைக் கலக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. ஓரிரு துளி போதும். கூடினால் பெயின்ட் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். விடியற்காலையில் பூசுவது அதைவிட நல்ல பலன். ஃபேனை நிறுத்தவேண்டும், அதுதான் தண்டனை.

எந்த விமானத்தைச் செய்யலாம் என்றதற்குப் பலர் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தைச் சொன்னீர்கள். நான் எடுத்தது ஏர்ஃபிக்ஸ் கம்பனியின் 1/72 அளவு (அசலில் 72இல் ஒரு பங்கு) பியூஃபோர்ட், பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். இரண்டாம் உலகப் போரில் வவுனியா ஓடுதளத்தில் இருந்து பறந்தது இதுதானே!

அப்புறம், டெக்கலுக்கு (மாதிரியில் ஒட்டும் குறிப் படங்கள்) அடியில் வெள்ளி மினுக்கம் வந்த விஷயம். மங்கல் பெயின்டின் சொரசொரப்பில் காற்று அகப்படுவதுதான் காரணம். முதலில் பளபளப்பு வார்னிஷ், காய்ந்தபின் டெக்கல், கடைசியில் மங்கல் வார்னிஷ். இறக்கை வட்டக்குறியின் விளிம்பே இப்போது தெரியவில்லை.

அம்மா எட்டிப் பார்த்து, "உது கிபிரோ?" என்றா. போர்க்காலத்தில் வன்னியில் குண்டு போட்ட இலங்கை விமானப்படை ஜெட்டைத்தான் கேட்கிறா.

"இல்லையம்மா, வெள்ளைக்காரன்ர பழசு."

"சரி, முன்விறாந்தையில மட்டும் வைக்காத."

ஆகவே அலுமாரிக்குள். அடுத்தது ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானம், 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபோது எதிர்த்து எழும்பியது. பிரிக்காத பெட்டி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.