சுவீடன் காட்டில் பறித்த காளானை விறகுத் தீயில் சமைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். செப்டம்பரில் சுவீடன் காடுகளில் நடைபயணம் செல்லும்போது, கான்டரெல் காளானையும் லிங்கன்பெரிப் பழத்தையும் பறித்து அங்கேயே விறகுத் தீயில் சமைக்க விரும்புகிறோம். இதற்கு அனுமதி வேண்டுமா? காளானை எவ்வாறு சமைப்பது நல்லது?

மறுமொழி:
'அல்லேமான்ஸ்ரெட்டன்' என்னும் பொது உரிமையின்படி, பிறர் நிலத்திலும் காட்டுப் பழங்களையும் காளான்களையும் பறிக்கலாம். வீட்டு முற்றமும் பயிர் நிலமும் இதில் அடங்கா. தேசியப் பூங்காக்களுக்குத் தனி விதிகள் உண்டு. தீ மூட்டத் தடை உள்ளதா என்று அன்றன்றே பாருங்கள். பாறையின்மேல் மட்டும் மூட்டாதீர்கள். சூட்டில் அது பிளந்துவிடும், அந்த வடு ஆறவே ஆறாது.

மறுமொழி:
தீ அடங்கிக் கங்கான பிறகு, இரும்பு வாணலியில் காளானை எண்ணெயின்றி இட்டு, அது விடும் நீர் முழுவதும் வற்றிய பின்னரே வெண்ணெயும் உப்பும் சேர்த்து, ஓரங்கள் பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். லிங்கன்பெரியைச் சிறிது சர்க்கரையுடன் நசுக்கினாலே போதும். அந்தப் புளிப்பு வெண்ணெய்க்கு மிகவும் பொருந்தும்.

மறுமொழி:
ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். கான்டரெலின் இன்னொரு வகையான புனல் கான்டரெல் வளரும் அதே பாசித் தரையில், சிறுநீரகத்தை அழிக்கும் கோர்டினாரியஸ் ருபெல்லஸ் என்னும் நச்சுக் காளானும் வளர்கிறது. புனல் கான்டரெலின் தண்டு உள்ளீடற்றது. குடையின் அடியிலுள்ள மடிப்புகள் தண்டின்மீதும் இறங்கும். நச்சுக் காளானிலோ மெல்லிய தகடுகள் போன்ற தனித்தனிச் செவுள்கள் இருக்கும். சமைத்தாலும் அதன் நஞ்சு நீங்காது. அறிகுறிகள் சில நாட்கள் கழித்தே தெரியவரும். ஐயம் எழுந்தால், காளான் அறிந்த உள்ளூர்க்காரர் பார்த்துச் சொல்லும்வரை அதை வாணலியில் இடாதீர்கள்.