ப்ளக்இன் ஃபோல்டர்: தானாக லோடு ஆகட்டுமா, கையால் பட்டியல் போடலாமா?

மாறன்:
பைத்தானில் கோப்பு வடிவம் மாற்றும் கருவி ஒன்று எழுதுகிறோம். வடிவத்துக்கு ஒரு மாட்யூல், அதாவது தனி நிரல் கோப்பு; அதுதான் ப்ளக்இன். புதிதாக ஒன்று எழுதினால் மெயின் ஃபைலிலும் போய் ஒரு இம்போர்ட் வரி சேர்க்க வேண்டும். மறந்தால் ப்ளக்இன் இருந்தும் இல்லாத மாதிரிதான். ப்ளக்இன் ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் தொடக்கத்திலேயே தானாக லோடு செய்துவிடலாம் என்கிறேன். பைத்தானோடு வரும் பிகேஜியூட்டிலில் ஐட்டர் மாட்யூல்ஸ் பெயர்களைத் தேடித் தரும், இம்போர்ட்லிப்பில் இம்போர்ட் மாட்யூல் அவற்றை லோடு செய்யும், நாலு வரியில் வேலை முடிந்தது.

செல்வி:
நாலு வரிதான், சரி. ஆனால் இம்போர்ட் என்றால் கோப்பைப் படிப்பதோடு நிற்காது, அதன் மேல்மட்டத்தில் உள்ள வரிகள் எல்லாம் ஓடும். யாரோ பாதியில் விட்ட சோதனைக் கோப்பு அங்கே கிடந்தால் அதுவும் ஓடும். கருவி நிறுவப்பட்ட இடத்தில் அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி உள்ளவர், உங்கள் நிரலின் உரிமையோடு எதையும் ஓட்டலாம். பட்டியல் இருந்தால் எது ஓடுகிறது என்று படித்தே தெரிந்துகொள்ளலாம்.

மாறன்:
அதே ஆளால் மெயின் ஃபைலிலும் எழுத முடியுமே? பட்டியலில் வரும் தொல்லையையும் பாருங்கள்: இரண்டு பேர் ஆளுக்கொரு ப்ளக்இன் சேர்த்தால் இருவர் மாற்றமும் ஒரே இடத்தில் மோதி மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்.

பாரி:
வரிசையை விட்டுவிட்டீர்கள். ஃபோல்டரில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் லிஸ்ட்டிர் பயன்படுத்தினால் அவை எந்த வரிசையில் வரும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. இரண்டு ப்ளக்இன் ஒரே வடிவத்துக்குப் பதிவு செய்தால் பின்னால் வந்தது ஜெயிக்கும். உங்கள் கணினியில் ஒன்று, சர்வரில் இன்னொன்று.

மாறன்:
ஒரே வடிவம் இரண்டாம் முறை பதிவானால் உடனே பிழை எழுப்ப வேண்டும், அவ்வளவுதான். வரிசையை நம்பி இருப்பதே தவறு.

செல்வி:
நிரலைத் தனியே ஓடும் கோப்பாக மாற்றும் பைஇன்ஸ்டாலரில் கட்டும்போது என்ன செய்வீர்கள்? அது கோடைப் படித்து இம்போர்ட்களைக் கண்டுபிடிக்கிறது. ஓடும்போது பெயரைக் கோர்த்து எடுக்கிற மாட்யூல் அதன் கண்ணில் படாது. ஹிடன் இம்போர்ட் என்று தனியே சொல்ல வேண்டும். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அதே பட்டியல் அங்கே வந்து நிற்கும்.

மாறன்:
துணை மாட்யூல்கள் மொத்தத்தையும் சேர்க்க பைஇன்ஸ்டாலரில் ஒரே ஆப்ஷன் போதும். ஒவ்வொன்றாக எழுத வேண்டியதில்லை.

பாரி:
வெளியார் எழுதும் ப்ளக்இன்களுக்கு ஃபோல்டரே வேண்டாம், என்ட்ரி பாயின்ட் போதும். நிரல்களைச் சோதிக்கும் கருவியான பைடெஸ்ட் அப்படித்தான் செய்கிறது. நிறுவிய பேக்கேஜ் தன் விவரக்குறிப்பில் பெயரைச் சொல்லிவிடும். லோடு செய்யாமலே என்னென்ன இருக்கின்றன என்று பார்க்கலாம். அந்த விவரக்குறிப்பைப் படிக்கும் இம்போர்ட்லிப் மெட்டாடேட்டா பைத்தான் 3.8 முதல் கூடவே வருகிறது.

செல்வி:
அதை ஏற்கிறேன். ஃபோல்டரை ஸ்கேன் செய்வதில் எனக்குப் பெரிய பயம் வேறு. ஒரு ப்ளக்இன் உடைந்தால் மொத்தமும் நிற்கும். அதைத் தடுக்க எல்லோரும் பிழையைப் பிடிக்கும் ட்ரை எக்ஸெப்ட் போட்டு, அதை வெளியே சொல்லாமல் விழுங்குகிறார்கள். பயனருக்கு ‘இந்த வடிவம் ஆதரிக்கப்படவில்லை’ என்று மட்டும் தெரியும். உண்மையில் உள்ளே ஒரு லைப்ரரி நிறுவப்படாமல் இருக்கும்.

மாறன்:
விழுங்கச் சொல்லவில்லை. நம்முடைய ப்ளக்இன் உடைந்தால் நிரல் நிற்கட்டும். வெளியாருடையது உடைந்தால், ப்ளக்இன் பெயரையும் பிழை எங்கே எழுந்தது என்று காட்டும் முழு ட்ரேஸ்பேக்கையும் லாகில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகட்டும்.

செல்வி:
அப்படியானால் பயனர் அந்த வடிவத்தைக் கேட்கும்போதும் அதே காரணத்தைத் திரையில் காட்டுங்கள். லாகை யாரும் திறந்து பார்ப்பதில்லை.