ஒப்பந்த மேலாளர் பணியில் சந்தித்தவை: பில்லோடு வரும் தாள்கள்

பதிவு 1

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஓர் அலுவலக வளாகத்தில் பராமரிப்பு ஒப்பந்தங்களைக் கவனித்து வருகிறேன். லிஃப்ட், ஜெனரேட்டர், சில்லர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எனப் பல ஒப்பந்தங்கள் இருந்தாலும், என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்வது ஹவுஸ்கீப்பிங்குக்கு ஆள் வழங்கும் ஒப்பந்தம்தான்.

இந்த ஒப்பந்தத்தில் விலைப்போட்டிக்கு உண்மையில் இடமே குறைவு. குறைந்தபட்சக் கூலியை மாநில அரசு நிர்ணயித்துவிடுகிறது. அதன்மேல் வேலையளிப்பவரின் பங்காக பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், போனஸ் குறைந்தது 8.33 சதவீதம் என எல்லாம் சட்டத்தில் எழுதியிருப்பதால், டெண்டர் போடுபவர் குறைத்துக் காட்ட முடிவது தமக்கென்று அதன்மேல் சேர்க்கும் சர்வீஸ் சார்ஜை மட்டுமே. எங்களுக்கு வந்த டெண்டர் ஒன்றில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தது. சீருடையும் சூப்பர்வைசர் சம்பளமும் அதற்குள் அடங்காது என்று குறிப்பெழுதினேன். நிதிப் பிரிவு கடைசி வரியிலுள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டது. (நிதிப் பிரிவினர் எல்லா ஊரிலும் அப்படித்தான் போலும்.)

சில மாதங்கள் கழித்து வந்த பில்லில் ஆள் எண்ணிக்கை, கூலிப் பட்டியல், பி.எஃப். இ.சி.ஆர். (யார் பெயரில் எவ்வளவு பி.எஃப். செலுத்தப்பட்டது என்று காட்டும் மாதாந்திரத் தாள்) மூன்றும் ஒத்துப்போயின. ஆனால் செக்யூரிட்டி வாசலில் வைத்திருக்கும் வருகைப் பதிவேட்டை எடுத்து, பெயர் பெயராக இ.சி.ஆர். தாளோடு ஒப்பிட்டபோது, எங்கள் மாடிகளைத் தினமும் துடைக்கும் பெண்கள் பலர் அதில் இல்லை; மாறாக, வாசலில் எவருக்கும் தெரியாத பெயர்கள் இருந்தன. வேறொரு வளாகத்தில் செலுத்திய பங்களிப்பையே எங்கள் கணக்கிலும் காட்டியிருந்தார்கள். பேன்ட்ரியில் வேலை பார்த்த அக்கா ஒருவர் தமது பி.எஃப். பாஸ்புக்கைக் கைப்பேசியில் திறந்து காட்டினார். கடைசி வரவு பழைய நிறுவனத்தினுடையது. சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, “எண்ணிக்கை சரியாத்தானே சார் இருக்கு?” என்றார்.

ஒப்பந்தத்தை அன்றே ரத்து செய்ய நிர்வாகம் விரும்பியது. நான் மறுத்தேன். அப்போது நடப்பிலிருந்த 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே, அதாவது ஆள் எடுத்த நாங்களே, தர வேண்டும். ரத்து செய்து கைகழுவினாலும் கடன் எங்கள் தலையில்தான் நிற்கும். ஆகவே பில்லை நிறுத்திவைத்து, கூலியைத் தொழிலாளர்களின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்திக் கழித்துக்கொண்டோம். பி.எஃப். நிலுவை அவரவர் பெயரில் வரவான பிறகே மீதித் தொகை வெளியேறியது. இப்போது எங்கள் ஒப்பந்தத்தில், யூ.ஏ.என். (ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிய பி.எஃப். அடையாள எண்) குறித்த பெயர்ப்பட்டியல் இல்லாத பில் பரிசீலிக்கப்படாது என்ற வரி இருக்கிறது.

பதிவு 2

முதல் பதிவில் ஐயா சொன்ன பெயர் ஒப்பீட்டை, ஒரு குடியிருப்பின் ஒப்பந்தங்களைக் கவனிக்கும் நானும் செய்கிறேன். லிஃப்ட் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது வேறு தாள். எங்கள் குடியிருப்பில் இருப்பது உதிரிபாகங்களையும் உள்ளடக்கிய முழுப் பராமரிப்பு ஒப்பந்தம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அடித்தளத்தில் நீர் புகுந்து லிஃப்ட் குழி நிரம்பியது. குழியிலிருந்த சுவிட்சுகளும் கேபினுக்குச் செல்லும் கேபிளும் பாழாயின. ‘முழு’ என்ற சொல்லை நம்பியிருந்த குடியிருப்போர் சங்கத்தினரிடம், வெள்ளம், தீ, மின்னழுத்த ஏற்றத்தாழ்வு ஆகியவற்றால் நேரும் சேதம் இதில் சேராது என்ற பின்னிணைப்பை நிறுவனத்தின் ஆள் நீட்டினார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான், அதனால் நான் வாதாடவில்லை. கட்டடக் காப்பீட்டில் இயந்திரங்களும் சேர்க்கப்பட்டிருந்ததால் பெரும்பகுதி கிடைத்தது. அதற்கும் காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வருமுன் ஈரப் பாகங்களைக் கழற்றக் கூடாது என்பதால், முதியவர்கள் நாள்கணக்கில் படியேறினார்கள்.

அடுத்த புதுப்பித்தலில் விலக்குகளை நீக்கச் சொல்லிக் கேட்டேன். எந்த நிறுவனமும் இசையவில்லை. ஒன்றை மட்டும் எழுதி வாங்கினேன்: கனமழை எச்சரிக்கை வந்தால், எங்கள் காவலாளியே கேபினை மேல்தளத்தில் நிறுத்தி மெயின் சுவிட்சை அணைக்கலாம், அதைக் காரணம் காட்டி நிறுவனம் பொறுப்பை மறுக்கக் கூடாது. இரவுக் காவலாளிக்கு அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று காட்டிக்கொடுக்கும் வேலையும் ஒப்பந்தப்படி அவர்களுடையதே.