கண்ணாடியில் தண்ணீர் எவ்வளவு? பாய்லர், டர்பைன் வேலை பழகியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பத்தாங் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் அந்தப் பெயரை எங்கள் அம்மாவிடம் சொன்னால் அது எங்கே இருக்கிறது என்று கேட்பார். மலேசியாவில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை என்ற எண்ணெய்ப் பனையை நட்டது 1917ல், எங்கள் பக்கத்துத் தெனமாராம் தோட்டத்தில். அதனால் செம்பனை என்று வந்தால் நாங்கள் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 23. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்து, தொழில்திறன் சான்றிதழான எஸ்கேஎம் எடுத்து, இரண்டரை வருஷமாக ஓர் எண்ணெய் மில்லில் நீராவி உண்டாக்கும் பாய்லர் பக்கம் நிற்கிறேன். அடுத்த மாதம் தொழிலிடப் பாதுகாப்பு இலாகாவான ஜேகேகேபியில் பாய்லர்மேன் இரண்டாம் கிரேடு தேர்வு. அப்புறம் முதல் கிரேடு, என்றாவது ஒருநாள் ஸ்டீம் இன்ஜினியர். இதுதான் என் கணக்கு. எழுத்துத் தேர்வு பரவாயில்லை. அதிகாரி எதிரில் உட்கார்ந்து மலாய் மொழியில் கேள்வி கேட்பாரே, அந்த வாய்மொழித் தேர்வுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. வேலை தெரிகிறது, வாயில் வரமாட்டேன் என்கிறது.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். சோதனைக்காகப் பழைய சின்ன பாய்லரை நிறுத்தி, ஆற வைத்து, தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தோம். கூட வேலை செய்யும் பெரியவர் ஒருவர், "தம்பி, கண்ணாடியில தண்ணி எவ்வளவு?" என்றார். பார்த்தேன். பாய்லருக்குள் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய் பளிச்சென்று இருந்தது. "காலிண்ணே" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் சாய்த்துப் பிடித்தார். பென்சில் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, கண்ணாடிக்குள் வலப்பக்கம் சாய்ந்து தெரிகிறது. "இப்படித் திரும்பித் தெரிஞ்சா உள்ள தண்ணி இருக்கு. காலியான கண்ணாடியும் நிறைஞ்ச கண்ணாடியும் பார்வைக்கு ஒண்ணுதான்டா" என்றார். குழாய் மேல்வரை நிரம்பியிருந்தது. நான் காலி என்று சொல்லியிருக்கிறேன்!

பெரிய பாய்லரில் இருக்கும் கண்ணாடி வேறு வகை, தண்ணீர் கறுப்பாகவும் நீராவி வெள்ளி போலவும் தெரியும். அதில் இந்தக் குழப்பம் குறைவு. ஆனாலும் அந்தப் பென்சிலை நான் மறக்கவில்லை. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

ஈஜோக் கிழவன்:

தம்பி, 34 வருஷம் நெருப்புக்கு முன்னால் நின்று ஓய்வெடுத்தவன் நான். உன் பென்சில் கதை நன்றாக இருக்கிறது. என் கதையில் கண்ணாடியே பொய் சொன்னது.

பழக்குலையை வேகவைக்க எங்கள் மில்லில் மூன்று ஸ்டெரிலைசர். வேலை எப்படிப் போகும் என்பது உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாய்லரிலிருந்து வரும் அழுத்தமான நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றிக் கரண்ட் எடுக்கும். அதைவிட்டு வெளியே வரும்போது அழுத்தம் 40 பிஎஸ்ஐ போல இருக்கும். அந்த நீராவிதான் குலையை வேகவைக்கும், மற்ற சூட்டு வேலைக்கும் அதுவே. பற்றாமல் போனால் பாய்லரிலிருந்து நேராக நீராவி எடுத்துக்கொள்ள ஒரு வால்வு உண்டு. எரிபொருளுக்குக் காசு கிடையாது. பழத்தைப் பிழிந்த நாரும் கொட்டை ஓடும்தான் அடுப்புக்குப் போகும். இதைப் போல ஒரு பொருளையும் வீணாக்காத தொழிற்சாலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. புகையை மட்டும் கணக்கில் சேர்க்காதே.

அன்றைக்குக் குலை குவிந்து கிடந்தது. பழம் நாள்பட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்று மேலே அவசரம். அந்தப் பக்கத்து ஆள் இரண்டு ஸ்டெரிலைசரை ஒரே நேரத்தில் திறந்துவிட்டான். என் பக்கம் அழுத்தம் 300 பிஎஸ்ஐயிலிருந்து மளமளவென்று இறங்கியது. ஆனால் கண்ணாடியில் தண்ணீர் ஏறுகிறது! எனக்கு அப்போது வேலையில் நாலு மாதம்கூட ஆகவில்லை. தண்ணீர் அதிகமாகி டர்பைனுக்குள் போய்விட்டால் என் வேலை போய்விடும் என்று பயந்து, பாய்லருக்குத் தண்ணீர் விடும் ஃபீட் வால்வை மூடினேன்.

அது தண்ணீர் ஏறியதே இல்லை. அழுத்தம் திடீரென்று குறைந்தால், பாய்லரின் மேல் தொட்டியான டிரம்முக்குள் இருக்கும் சூடான தண்ணீர் குபுகுபுவென்று கொதித்துக் குமிழியாகப் பொங்கும். பொங்கல் பானை கதைதான். நுரை மேலே வந்ததால் பானையில் பால் கூடிவிட்டது என்று அர்த்தமா? உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது. சில நிமிடத்தில் ஸ்டெரிலைசர் வால்வை மூடினார்கள், அழுத்தம் ஏறியது, குமிழி அடங்கியது. கண்ணாடியில் மட்டம் அடியோடு காணாமல் போனது.

நான் ஃபீட் வால்வைத் திறக்க ஓடினேன். ஒருவர் என் கையைப் பிடித்து முறுக்கினார். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேன் வேலை பார்த்தவர், கையில் எந்தச் சான்றிதழும் இல்லாதவர். ஒரு வார்த்தை பேசவில்லை. நார் போகும் கன்வேயரை நிறுத்தினார், காற்றடிக்கும் ஃபேனை நிறுத்தினார், அப்புறம்தான் கண்ணாடியின் வடிகாலைத் திறந்து ஊதிப் பார்த்தார். அடியில் ஒரு விரல் அளவு தண்ணீர் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மெதுவாக ஃபீட் விட்டார். பாய்லருக்குள் குழாய்கள் காய்ந்து சிவந்திருந்து, நான் அதன் மேல் தண்ணீரை விட்டிருந்தால், தண்ணீர் நீராவியாகும்போது சாதாரண காற்றழுத்தத்திலேயே 1,600 மடங்குக்கு மேல் விரியும். மிச்சத்தை நீயே யோசித்துக்கொள்.

வாய்மொழித் தேர்வில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். "கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை, என்ன செய்வாய்?" பம்பைத் திறப்பேன் என்றால் வீட்டுக்குப் போகலாம். முதலில் நெருப்பு, அப்புறம் காற்று, அப்புறம் கண்ணாடியைச் சோதிப்பது. தண்ணீர் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் ஃபீட் பக்கமே கை போகக்கூடாது.

லயத்து மூன்றாம் வீடு:

அங்கிள், அந்தப் புகையைப் பற்றி நான் சொல்கிறேன். நான் மில்லில் வேலை செய்தவன் இல்லை, மில்லுக்குப் பக்கத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் வளர்ந்தவன். திங்கட்கிழமை காலையில் நெருப்பு மூட்டினால் எங்கள் அம்மா துணி காயப்போட மாட்டார். ஈர நாரும் குறைந்த காற்றும் சேர்ந்தால் வரும் கறுப்புப் புகையைப் பார்த்தே இன்றைக்கு ஷிப்டில் யார் என்று சொல்லிவிடுவார். அவ்வளவுதான், தொடருங்கள்.

ஏ4 காரர்:

நான் கரண்ட் பக்கம். மில்லில் மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேன். எங்கள் சான்றிதழ் ஜேகேகேபியில் இல்லை, மின்சாரத்தைக் கவனிக்கும் ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் வாங்க வேண்டும். என்னுடையது ஏ4, குறைந்த மின்னழுத்தத்தில் ஜெனரேட்டரும் சேர்த்தது. பாய்லர்மேனும் சார்ஜ்மேனும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் அழுத்தம் இறங்கினால் கரண்டின் அலை வினாடிக்கு எத்தனை என்று காட்டும் என் ஹெர்ட்ஸ் மீட்டரும் இறங்கும்.

பழகும்போது நடந்தது. டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, டர்பைன் செட்டை அதோடு இணைக்க வேண்டும். இரண்டுக்கும் வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், 50 ஹெர்ட்ஸ் ஒன்றாக இருக்க வேண்டும், அலை ஏறி இறங்குவதும் ஒரே நேரமாக இருக்க வேண்டும். இதைக் காட்ட கடிகாரம் மாதிரி ஒரு மீட்டர் உண்டு, சிங்க்ரோஸ்கோப். முள் மெதுவாக வலப்பக்கம் சுற்றி 12 மணிக்கு வருவதற்குச் சற்று முன்பே, இரண்டையும் இணைக்கும் சுவிட்சான பிரேக்கரை அடிக்க வேண்டும். பிரேக்கர் மூடவும் கொஞ்சம் நேரம் எடுக்குமே. நான் முள் 12ஐத் தொடட்டும் என்று காத்திருந்தேன், தாண்டியது, பதற்றத்தில் தாண்டிய பிறகு அடித்தேன். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். கட்டடமே உதறியது. பிரேக்கர் விழுந்தது, மில் முழுக்க இருட்டு. டர்பைனையும் ஜெனரேட்டரையும் பிணைக்கும் கப்ளிங் போல்ட் உடையவில்லை, அது என் அதிர்ஷ்டம். சீனியர் என்னைத் திட்டவே இல்லை. ஒரு வாரம் அந்த மீட்டர் முன்னால் வெறுமனே நிற்கவைத்து, "இப்ப" என்று வாயால் மட்டும் சொல்லச் சொன்னார். பிரேக்கரைத் தொடவிடவில்லை.

இன்னொன்று. 1996 ஆகஸ்டு 3, தீபகற்பம் முழுவதும் கரண்ட் போன சனிக்கிழமை. அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். அப்பா வேலை செய்த மில்லில் அன்று மாலை டர்பைன் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் மில்லிலும் அதன் கம்பியில் இருந்த லயத்திலும் விளக்கு எரிந்தது. டவுன் இருட்டு. கடைக்காரர்கூட மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார். டவுன் கரண்ட் இல்லாமலே எங்கள் வீட்டில் ஃபேன் எப்படிச் சுற்றுகிறது என்று அப்பாவிடம் கேட்டேன். "பழக்கொட்டை ஓட்டுல சுத்துது" என்றார். நான் இந்த வேலைக்கு வந்தது அன்றைக்குத்தான் முடிவானது என்று நினைக்கிறேன்.

காப்பார் பெண்:

நான் படித்து இந்த வழிக்கு வந்தவள். யூனிதென் பல்கலைக்கழகத்தில் மின்சக்திப் பொறியியல். அப்பா தோட்டத்து லாரி டிரைவர், புக்கிட் ரோத்தான் பக்கம். தொழிற்பயிற்சிக்குக் காப்பார் மின் நிலையம் கிடைத்தது. அப்போது மொத்தம் 2,420 மெகாவாட். அதில் பெரிய யூனிட் ஒவ்வொன்றும் 500 மெகாவாட். நம் மில் டர்பைன் ஒன்றிரண்டு மெகாவாட் என்று வைத்துக்கொண்டால் எத்தனை மில் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கண்ட்ரோல் ரூமில் எல்லாம் திரை. ஏசி குளிர். இங்கே கையில் கரி ஒட்டவே வாய்ப்பில்லை என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. மூன்றாம் நாள் ஷிப்டில் இருந்தவர் திரையில் ஒரு கோட்டைக் காட்டி, "இதுதான் டிரம் மட்டம், இது ஏறினா நம்பிடாதம்மா" என்றார். ஈஜோக் அங்கிள் மேலே எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே பொங்கல் பானை. அங்கே அதை ஏமாற்றாமல் பார்க்க, தண்ணீர் மட்டத்தோடு நீராவி எவ்வளவு போகிறது, தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஃபீட் வால்வைத் தானாக நகர்த்துகிறார்கள். அங்கிள் அன்றைக்குக் கண்ணாடியை மட்டும் பார்த்தார். நீராவி மீட்டரையும் பார்த்திருந்தால் தப்பித்திருப்பார்.

தம்பிக்கு ஒரு விஷயம். பழைய நோட்டை நம்பிப் படிக்காதீர்கள். 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1ல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ்தான் எல்லாம். என் மாமா பையன் பழைய நகல் நோட்டில் படித்துப் போய், சட்டக் கேள்வியில் மாட்டிக்கொண்டான்.

பேர் வேண்டாம்:

எல்லாரும் நல்ல கதை சொல்கிறீர்கள், நான் கெட்ட கதை சொல்கிறேன். பேராக் பக்கம் ஒரு மில்லில் நாலு வருஷம் பாய்லரில் நின்றேன். தேர்வுக்கு விண்ணப்பிக்க, இவர் இத்தனை காலம் பாய்லரில் வேலை பார்த்தார் என்று மில் கடிதம் தர வேண்டும். ஆபீசில் இன்று வா, நாளை வா என்றார்கள். கிரேடு எடுத்தால் வேறு மில்லுக்குப் போய்விடுவேன் என்று பயம். கடைசியில் கடிதம் வந்தது, அதில் என்னைப் பொதுத் தொழிலாளி என்று எழுதியிருந்தார்கள். நாலு வருஷ நெருப்பு ஒரு வரியில் போனது. வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்கினேன். தம்பி, ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் லாக் புத்தகத்தில் உன் பெயரும் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார். அந்தப் பக்கத்தைப் படம் எடுக்க அனுமதி கேட்டு எடுத்து வை.

பத்தாங் பையன்:

தேர்வு முடிந்தது. எல்லாருக்கும் நன்றி, முக்கியமாக ஈஜோக் ஐயாவுக்கு.

எழுத்துத் தேர்வில் பாய்லர் தண்ணீர் பற்றி இரண்டு கேள்வி, சேஃப்டி வால்வு ஒன்று, பாய்லரின் அடிக் கசடை வெளியேற்றும் புளோடவுன் ஒன்று. வாய்மொழிக்குள் போனபோது கை வேர்த்துவிட்டது. அதிகாரி முதலில் ஊர் கேட்டார். பத்தாங் பெர்ஜுந்தை என்றேன். பெஸ்தாரி ஜெயாதானே என்று சிரித்தார். அப்புறம் 3 பார் அழுத்தத்தில் ஸ்டெரிலைசருக்குள் எவ்வளவு சூடு என்றார். 140 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் என்றேன். தலையாட்டினார். அடுப்பில் கொட்டை ஓடு அதிகமாகப் போட்டால் என்ன ஆகும் என்றார். சூடு கூடி, சாம்பல் உருகிக் கட்டியாகி அடுப்பின் கம்பித் தட்டான கிரேட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று மலாயில் திக்கித் திக்கிச் சொன்னேன். கிளிங்கர் என்ற சொல் வாயில் வரவில்லை, கையால் உருண்டை பிடித்துக் காட்டினேன். அவரே சொல்லை எடுத்துக் கொடுத்தார்.

கடைசியாக அந்தக் கேள்வி வந்தது. கண்ணாடி காலியாகத் தெரிகிறது, என்ன செய்வாய்? நெருப்பு, காற்று என்று தொடங்கப் போனேன். என்னையும் அறியாமல், "காலியா, நிறைஞ்சிருக்கா?" என்று அவரையே திருப்பிக் கேட்டுவிட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பாய் என்றார். மேசையில் இருந்த அவருடைய தண்ணீர் கிளாஸுக்குப் பின்னால் என் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன். அப்புறம் நெருப்பு, காற்று, கண்ணாடி வடிகால் என்று வரிசையாகச் சொன்னேன்.

முடிவு இன்னும் வரவில்லை. இன்றைக்கு இரவு ஷிப்ட், பத்து மணிக்குள் மில்லில் இருக்க வேண்டும்.