பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்: உள்ளூர் ஸ்பிரிங் வாங்கி மெல்ல மாற்றுவதா, பொறுத்திருந்து பழைய ஜெர்மன் வாங்குவதா?

மதுரை_அப்பா:
மகளுக்கு 13 வயது. கிளப் ரைஃபிளில் பழகுகிறாள், ஆனால் அங்கே இருப்பதே இரண்டுதான், சனி ஞாயிறு என்றால் முறை வருவதற்குள் மதியம் ஆகிவிடும். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது, வருடா வருடம் கொஞ்சம் போடலாம். இந்தியத் தயாரிப்பு ஸ்பிரிங் ரைஃபிள் ஒன்றை இப்போது வாங்கி, பிறகு பீப் சைட் (சின்னத் துளை வழியே குறிபார்ப்பது), பட் பிளேட் (தோளில் பதியும் தட்டு) என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போகலாமா? அல்லது இன்னும் சேர்த்து செகண்ட் ஹேண்டில் ஃபைன்வெர்க்பாவ், வால்தர் மாதிரி ஜெர்மன் கம்பெனி ரைஃபிள் பார்ப்பதா?

பெல்லட்_டப்பா:
ஸ்பிரிங் வேண்டவே வேண்டாம் சார். ஸ்பிரிங் விசையில் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி ஒரு பக்கம் உதறும், போய் முட்டியதும் மறுபக்கம் உதறும், பெல்லட் (குண்டு) இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே இதெல்லாம் நடக்கிறது. இலக்கில் பத்து மதிப்பெண் தரும் மையம் அரை மில்லிமீட்டர் புள்ளி. தசமக் கணக்கில் 0.1 மதிப்பெண் வித்தியாசம் என்றால் கால் மில்லிமீட்டர். இந்த உதறலோடு எதைக் கற்றுக்கொள்வாள்? இன்னொன்று, யாரும் சொல்வதில்லை: ஸ்பிரிங் ரைஃபிளை பெல்லட் இல்லாமல் சுடக்கூடாது, பிஸ்டன் சீல் போய்விடும். போட்டிக்கென்றே செய்த மேட்ச் ரைஃபிளில், பெல்லட் இல்லாமல் ட்ரிகரை அழுத்திப் பழகும் டிரை ஃபயர் வசதி தனியாகவே உண்டு. வீட்டுச் சுவரில் ஒரு புள்ளி ஒட்டி தினமும் அரை மணி நேரம் காசு செலவில்லாமல் பழகலாம். நல்ல ஷூட்டர்கள் பாதிப் பயிற்சியை இப்படித்தான் செய்கிறார்கள்.

ஓரிங்:
டப்பா அண்ணன் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, 60,000-க்கு எந்த மேட்ச் ரைஃபிள் வரும் என்று மட்டும் சொல்லவில்லை. புதிது இரண்டு லட்சத்தைத் தாண்டும். பழையது என்று கிளம்பினால், சுடுவதற்கான காற்றை அழுத்தி அடைத்து வைக்கும் சிலிண்டர்தான் கண்ணி. அலுமினிய ஏர் சிலிண்டருக்கு ஆயுள் பத்து வருடம், தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். 200 பார் அழுத்தம் தாங்கும் பொருளை, தேதி முடிந்த பிறகு ஒரு குழந்தை கன்னத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறீர்களா? புதுச் சிலிண்டர் வாங்கப் போனால் "சல்லிசாகக் கிடைத்தது" என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. எனக்கு ஒருவர் ரைஃபிளைக் காட்டினார், குழல் பளபளவென்று இருந்தது, சிலிண்டர் காலாவதி ஆகி நான்கு வருடம். கேட்டால் "ஒண்ணும் ஆகாது தம்பி" என்கிறார்.

மாநிலப் போட்டியில் ஓப்பன் சைட் (பீப் துளை இல்லாத சாதாரணக் குறி) பிரிவு இருக்கிறதே, அதில் ஸ்பிரிங்கோடு ஆரம்பித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். உதறலை அடக்கக் கற்றவனுக்கு, சுட்ட பிறகும் அசையாமல் நிற்கும் ஃபாலோ த்ரூ தானாக வரும்.

பெல்லட்_டப்பா:
தானாக எதுவும் வராது தம்பி, கெட்ட பழக்கம்தான் வரும். "மெல்ல மெல்ல மாற்றலாம்" என்கிறாரே, எதை மாற்றுவது? ஸ்பிரிங் ரைஃபிளுக்கு வாங்கும் ட்ரிகர், டியூனிங் கிட், புதுக் கட்டை எதுவும் அடுத்த ரைஃபிளுக்கு வராது. ரைஃபிள் மேலே இருக்கும் 11 மி.மீ. டவ்டெயில் தடத்தில் ஏறும் பீப் சைட் ஒன்றுதான் கூடவே வரும். பலர் ஸ்கோப் வேறு வாங்கி மாட்டுகிறார்கள், பத்து மீட்டர் போட்டியில் அதற்கு அனுமதியே கிடையாது. "பவர் அதிகம்" என்று கடைக்காரர் சொல்வதும் நமக்கு உதவாத பேச்சு. மேட்ச் ரைஃபிள் ஏழெட்டு ஜூல் சக்தியில் ஓடுகிறது, காகிதத்தில் ஓட்டை போட அது போதும்.

கோவை_அக்கா:
இரண்டு பேரும் துப்பாக்கியையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஜாக்கெட் இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? போட்டியில் நின்றபடி 60 ஷாட், 75 நிமிடம், பெண்களுக்கும் 2018-லிருந்து இதே கணக்குதான். ரைஃபிள் 5.5 கிலோ வரை போகலாம். ஜாக்கெட், பேன்ட், ஷூ இல்லாமல் 13 வயதுப் பிள்ளையின் இடுப்பு என்ன ஆவது? என் மகனுக்கு முதலில் இந்தியத் தயாரிப்பு ஜாக்கெட்தான் வாங்கினோம், கிளப் ரைஃபிளிலேயே ஸ்கோர் ஏறியது. அப்புறம் பெல்லட் செலவு. ஒரு நாளைக்கு 100 ஷாட் என்றால் 500 பெல்லட் டப்பா ஐந்தே நாளில் காலி. ரைஃபிளை வாங்கிவிட்டு பெல்லட்டுக்குக் கணக்குப் பார்க்கும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன்.

மதுரை_அப்பா:
ஜாக்கெட்டை யோசிக்கவே இல்லை அக்கா. ஆனால் வளரும் பிள்ளை, ஒரே வருடத்தில் சின்னதாகிவிடாதா? இன்னொன்று, காற்று நிரப்ப எங்கள் பக்கம் வசதி குறைவு. வெல்டிங் கடையில் ஆக்சிஜன் அடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

ஓரிங்:
ஐயோ சார், அது மட்டும் வேண்டாம்!! உள்ளே கிரீஸ் இருக்கும், அழுத்தத்தில் ஆக்சிஜன் பட்டால் வெடிக்கும். சாதாரணக் காற்று மட்டும்தான். கிளப்பில் பெரிய சிலிண்டர் இருந்தால் அதிலிருந்து நிரப்பலாம், இல்லையென்றால் ஈரம் வடிகட்டும் கைப்பம்பு.

இதற்குத்தான் சொல்கிறேன், பழையதுதான் வேண்டும் என்றால் ஃபைன்வெர்க்பாவ் 603 மாதிரி பக்கவாட்டு லீவர் வகையைத் தேடுங்கள். ஒரே இழுப்பில் காற்று சேரும், சிலிண்டரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. சீல் மாற்றினால் போதும்.

பெல்லட்_டப்பா:
அப்படி வா வழிக்கு. ஸ்பிரிங்கிலிருந்து ஜெர்மனிக்கே வந்துவிட்டாய்! ஆனால் அந்த லீவரை 60 தடவை, கணக்கில் சேராத சோதனை ஷாட்டான சைட்டரையும் சேர்த்தால் இன்னும் அதிகம், அந்தச் சின்னப் பெண் இழுக்க வேண்டும். பாதி மேட்சில் தோள் போய்விடும். சிலிண்டரில் அடைத்த காற்றில் சுடும் உள்ளூர் பிசிபி ரைஃபிள்கள் வந்துவிட்டன, அதையும் பார்க்கலாம்.

ஓரிங்:
வழிக்கெல்லாம் வரவில்லை அண்ணா. அவர் பட்ஜெட்டுக்கு இன்னும் ஸ்பிரிங்தான் என் பதில்.

கோவை_அக்கா:
ஜாக்கெட்டைக் கொஞ்சம் தாராளமாகத் தைக்கச் சொல்லுங்கள், பட்டனை நகர்த்தி இரண்டு சீசன் ஓட்டலாம். பட் பிளேட் நீளத்துக்கு மரத்துண்டு வைத்து எங்கள் தச்சரே செய்து கொடுத்தார். லைசென்ஸ் பயம் வேண்டாம், 4.5 மி.மீ., 20 ஜூலுக்குள் என்றால் தேவையில்லை. பில்லை மட்டும் உங்கள் பெயரில் வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

மதுரை_அப்பா:
சரி, ஜாக்கெட்டுக்கு இந்த வாரம் அளவு கொடுக்கிறேன். ஒருவர் பழைய வால்தர் ஒன்றே கால் லட்சம் சொல்கிறார். சிலிண்டர் தேதியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

ஓரிங்:
வராது சார்.