கிரேக்கத் தீவும் நம்ம பினாங்கும்: காதல்-மர்ம நாவல் வாசகர்களின் அனுபவங்கள்

ஜார்ஜ்டவுன் வாசகி:

தூர தேசத்தில் நடக்கும் காதல்-மர்ம நாவல்கள் மேல் எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பெரியம்மாவால்தான். அவர் தமிழ்ப்பள்ளி டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சௌரஸ்தா சந்தை மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கீழே ஜாதிக்காய் ஊறுகாய் வாசனை, மேலே பழுப்பேறிய தாள் வாசனை. அட்டைகள் முக்கால்வாசி ஒரே மாதிரி இருக்கும். இருட்டில் ஒரு மாளிகை, ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம், நீள கவுன் போட்ட பெண் ஓடிக்கொண்டிருப்பாள். பெரியம்மா அட்டையைப் பார்க்கவே மாட்டார். முதல் இரண்டு பக்கத்தை நின்றபடியே படிப்பார். ஊர் கண்ணுக்குத் தெரிந்தால் வாங்குவார். இல்லையென்றால் திரும்ப அடுக்கில் செருகிவிடுவார்.

ஆங்கில நாவலாசிரியை மேரி ஸ்டூவர்ட் என்றால் அவருக்கு உயிர். அதிலும் 1959இல் வந்த 'மை பிரதர் மைக்கேல்'. அதன் நாயகியும் ஒரு பள்ளி ஆசிரியை, விடுமுறைக்குத் தனியாகக் கிரேக்கத்துக்கு வந்தவள். ஏதென்ஸ் காப்பிக் கடையில் முன்பின் தெரியாத ஓர் ஆள் அவள் கையில் கார் சாவியைக் கொடுத்து, டெல்ஃபிக்குப் போக வேண்டிய கார், உயிர் போகிற விஷயம் என்கிறான். காரைப் பின்னால் எடுக்கவே திண்டாடுகிறவள், கிளம்பியும் விடுகிறாள்! இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் பெரியம்மாவுக்குக் குரல் மாறிவிடும். காதல் அவருக்கு அப்புறம்தான். ஒரு டீச்சர், சொந்தச் சம்பளத்தில், யாரையும் கேட்காமல், பயந்துகொண்டேயாவது போகிறாளே, அது அவரை உலுக்கியது.

என்னையும் அதுதான் இழுக்கிறது. வில்லன் யார் என்று பாதியிலேயே தெரிந்துவிடும், நாயகன் வந்து சேர்வான் என்பதும் தெரியும். ஆனால் மலைப்பாதை எங்கே வளைகிறது, எந்நேரத்தில் எந்தப் பாறையில் வெயில் விழுகிறது என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் எனக்கும் வயிறு கலங்கும். ஊரைப் பற்றி ஏனோதானோ என்று எழுதிவிட்டுத் துப்பாக்கியை நீட்டினால் எனக்குப் பயம் வருவதில்லை.

பாயான் லெப்பாஸ் வாசகி:

எங்கள் வீட்டில் அம்மா. இங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972இல் தொடங்கியது. அதற்குச் சில வருடம் கழித்து அம்மா ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலை. இந்தப் புத்தகங்கள் அங்கே மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் கையில் மாறி மாறிப் போகுமாம். ஆங்கிலம் படிக்க வராதவர்களுக்கு அம்மாதான் கதைசொல்லி. அதே மேரி ஸ்டூவர்ட் எழுதி 1964இல் வந்த 'திஸ் ரஃப் மேஜிக்' கதையை, கிரேக்கத்தின் அந்த கோர்ஃபு தீவுக் கதையை, இடைவேளை இடைவேளையாகச் சொல்லியிருக்கிறார். கரையேறிக் கிடந்த டால்ஃபினைத் திரும்பக் கடலில் சேர்க்கிற இடம் வரும்போது மணி அடித்துவிட்டது. எல்லோரும் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டபடியே தங்கள் இடத்துக்குப் போனார்களாம். ஷிப்ட் முழுக்கக் கண்ணாடிக்குள் பார்த்த கண்ணுக்கு அந்த நீலக் கடல் எப்படி இருந்திருக்கும்!

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:

நானும் விரும்பிப் படிக்கிறவன்தான். ஒரு வருத்தம் மட்டும் உண்டு. கதை மலாயாவுக்கு வந்துவிட்டால் துரை பங்களாவும் பார்ட்டியும் பக்கம் பக்கமாக வரும். ரப்பர் மரம் சீவுகிற நம் ஆட்கள் ஒரு வரியில் குனிந்து நிமிர்ந்து மறைந்துவிடுவார்கள். என் தாத்தா அப்படிக் குனிந்தவர். அவருக்கும் அந்த பங்களாவைப் பற்றி எவ்வளவோ தெரியும், கேட்க ஆள் இல்லை.

ஜார்ஜ்டவுன் வாசகி:

சரியாகச் சொன்னீர்கள், அண்ணா. நல்ல நாவலில் உள்ளூர்க்காரனுக்கும் ஒரு பழைய பகை, ஒரு லாபநஷ்டம் இருக்கும். வெறுமனே வழிகாட்டியாக வந்து போக மாட்டான்.

இன்னொன்றும் தோன்றுகிறது. 1992இல் வந்த 'இந்தோசீன்' என்ற பிரெஞ்சுப் படத்துக்கு நம் லீத் தெருவின் நீல மாளிகையில் படம் பிடித்தார்கள். கதை நடப்பதோ வியட்நாமில். நாம் பஸ்ஸில் தினம் கடந்துபோன வீடு, பார்க்கிறவர்களுக்கு வேறொரு தேசம். அப்படியென்றால் கதைக்கு வேண்டிய அழகுக்கு இங்கே குறைவே இல்லை. 1923இலிருந்து ரயில் ஏறும் கொடிமலை (பினாங்கு ஹில்), மேலே திடீரென்று மூடுகிற மூடுபனி, சார்க்கீஸ் சகோதரர்கள் கட்டிய கடலோர ஈ அண்டு ஓ ஹோட்டல் எல்லாம் இருக்கின்றன. இதில் சுங்கை பட்டாணியிலிருந்து விடுமுறைக்கு வரும் ஒரு தமிழ்ப் பெண்ணை இறக்கிவிடுங்கள். பங்களா ரகசியம் தோட்டத்து லயத்துப் பாட்டிக்குத் தெரிந்திருக்கட்டும். காதலன் யாராக இருந்தாலும் எனக்குச் சம்மதம். அண்ணா, உங்கள் தாத்தா சொன்னதில் எது நினைவிருக்கிறதோ அதை இங்கேயே எழுத ஆரம்பியுங்களேன்.