புதுப்பிப்பு: தானா நின்னு போன டைமர், காரணம் கிடைச்சிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, சி ஷார்ப் கன்சோல் ஆப்ல 10 நிமிஷத்துக்கு ஒருதடவை பேக்கப் புரோகிராமைக் கிளப்புற த்ரெடிங் டைமர் (குறிச்ச இடைவெளியில ஒரு மெத்தடைத் தானா கூப்பிடுறது), டீபக்ல (பிழை தேடுறதுக்கான பில்டு) நல்லா ஓடுது, ரிலீஸ் பில்டுல (வெளியிடுறதுக்கான பில்டு) ரெண்டு மூணு தடவை ஓடிட்டு சத்தமே இல்லாம நின்னுடுதுன்னு. எர்ரரும் இல்ல, விண்டோவும் மூடல.

காரணம் கார்பேஜ் கலெக்டர்தான், அதாவது இனி தேவைப்படாத ஆப்ஜெக்டை மெமரியில இருந்து தானா நீக்குறது. டைமரை மெயினுக்குள்ள லோக்கல் வேரியபிளா வச்சிருந்தேன், கீழ ரீட்லைன் (என்டர் தட்டுற வரைக்கும் ஆப்பை நிறுத்தி வைக்கிறது) போட்டுக் காத்திருந்தாலும் அதுக்கப்புறம் அந்த வேரியபிளை யாரும் தொடலேன்னு ரிலீஸ்ல குப்பைன்னு அள்ளிடுது, டீபக்ல மெத்தட் முடியுற வரைக்கும் உயிரோட வச்சிருக்கும், அதான் அங்க தெரியவே இல்ல. ஸ்டாட்டிக் ஃபீல்டா (ஆப் ஓடுற வரைக்கும் இருக்குற வேரியபிள்) மாத்தினேன், ரெண்டு நாளா நிக்காம ஓடுது, அவ்ளோ நிம்மதி!

இன்னொண்ணும் மாட்டுச்சு. பேக்கப் 10 நிமிஷத்தைத் தாண்டினா முதல்ல ஓடுறது முடியறதுக்குள்ளயே ரெண்டாவது கிளம்பிடுது, ஏன்னா கால்பேக் (டைமர் கூப்பிடுற மெத்தட்) த்ரெட் பூல்ல (தயாரா இருக்குற த்ரெட்களோட கூட்டம்) வேற த்ரெட்ல வருது. இப்ப பீரியடை (திரும்பக் கூப்பிடுற இடைவெளி) இன்ஃபினிட்னு குடுத்துத் தானா திரும்ப வராம பண்ணிட்டு, வெயிட்ஃபார்எக்ஸிட் (பேக்கப் முடியுற வரைக்கும் காத்திருக்கிறது) முடிஞ்சப்புறம் டைமரோட சேஞ்ச் மெத்தடைக் கூப்பிட்டு அடுத்த 10 நிமிஷத்தை வைக்கிறேன். கால்பேக்குக்குள்ள ட்ரை கேட்ச் (எர்ரரைப் பிடிக்கிற பிளாக்) கண்டிப்பா போடுங்க, புரோகிராம் பாதை தப்பா இருந்தா ப்ராசஸ் ஸ்டார்ட்ல வர்ற எக்ஸெப்ஷன் மொத்த ஆப்பையும் சாய்ச்சிடும்.